நடுங்கும் கடைசி இலக்கம்

(வாழப்பாடியில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சென்னைக் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையும் மாலையும் பீரங்கி வெடித்த காலம் ஒன்று இருந்தது. பட்டாளத்துக்கு வேளை சொல்வதற்காக வெடித்த பீரங்கிகள் அவை. அந்த வெடியைக் கொண்டு வேறொரு காரியத்தையும் சாதித்துக்கொள்ளலாம் என்று ஒருவருக்குத் தோன்றியது. அவர் பெயர் ஜான் கோல்டிங்காம். நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த சென்னை வானாய்வகத்தைக் கவனித்துவந்தவர். பீரங்கியின் வாயில் தீ பளிச்சிடுவது கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். ஓசை பின்னால் மெதுவாக வந்து சேரும். இரண்டுக்கும் இடையே கழியும் நேரத்தை அளந்தால் காற்றில் ஓசை எவ்வளவு வேகமாகப் பயணம் செய்கிறது என்று சொல்லிவிடலாம். 1820, 1821 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வானாய்வகத்தில் இந்த அளவீடு திரும்பத் திரும்ப நடந்தது. முடிவுகள் 1823இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் அச்சாயின.

நேர இடைவெளியை அளப்பது பற்றிய ஓர் உரை தமிழ்நாட்டில் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. எலெக்ட்ரானிக் கவுன்ட்டர்களை வடிவமைத்த பொறியாளர்கள் 1970களில் வேண்டுமென்றே செய்த ஒரு தந்திரம், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே பரங்கிமலைக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் நடுவில், யாரும் திட்டமிடாமலே நடந்திருக்கிறது.

வானாய்வகத்திலிருந்து பரங்கிமலை ஏறத்தாழ 9 கிலோமீட்டர். அங்கிருந்து ஓசை வந்து சேர 26 நொடி அளவில் ஆகும். அளப்பவர் கையில் இருந்தது குரோனோமீட்டர். கப்பல்களுக்காகச் செய்யப்பட்ட, துல்லியமாக ஓடும் கடிகாரம். அக்காலக் குரோனோமீட்டர்கள் நொடிக்கு இரண்டு அல்லது இரண்டரை முறை 'டிக்' என்று அடிக்கும். தீயைக் கண்ட கணத்தில் எண்ணத் தொடங்கி, ஓசை கேட்ட கணத்தில் நிறுத்த வேண்டும். கண் பீரங்கியின் பக்கம், காது கடிகாரத்தின் பக்கம். இரண்டு டிக்குகளுக்கு நடுவில் என்ன நடந்தாலும் அந்தக் கடிகாரத்துக்கு அது தெரியாது. அரை நொடிக்கு ஒருமுறை டிக் அடிக்கும் கருவியில் அரை நொடிதான் மீச்சிற்றளவு. பள்ளி ஆய்வகத்தில் வெர்னியர் அளவியைக் கையில் எடுத்த மாணவர் முதலில் எழுதும் சொல் அது.

இங்கேதான் சிக்கல். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஓசையின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். மார்கழிக் காலைக்கும் சித்திரை மாலைக்கும் பத்து டிகிரி வித்தியாசம் என்று கொண்டால், நொடிக்கு 350 மீட்டர் அளவில் இருக்கும் வேகம் 6 மீட்டர் மாறும். 26 நொடிப் பயணத்தில் அது அரை நொடிக்கும் குறைவான மாற்றம். அதாவது வெப்பத்தின் விளைவு முழுவதும் ஒரே ஒரு டிக்குக்குள் ஒளிந்துகொள்கிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்பவையும் அதே டிக்கைத்தான் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் கோல்டிங்காமின் அட்டவணைகளில் மாதத்துக்கு மாதம் வேகம் மாறுவது தெரிகிறது. குளிர் மாதங்களில் குறைவு, வெயில் மாதங்களில் அதிகம். வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரம், காற்றின் திசை ஆகியவற்றையும் பக்கத்திலேயே பதிந்து, மாதவாரியாகச் சராசரி எடுத்திருக்கிறார். டிக்குக்குள் அடங்கிய மாற்றத்தைச் சராசரி வெளியே கொண்டுவந்துவிட்டது.

சராசரி எடுத்தால் எல்லாம் துல்லியமாகிவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி பரங்கிமலையில் தீ வைத்த சிப்பாயின் கையில் இருக்கிறது. நுங்கம்பாக்கத்துக் கடிகாரம் எப்போது டிக் அடிக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஒருநாள் அவர் வைத்த தீ டிக்கோடு சேர்ந்து வரும். மறுநாள் இரண்டு டிக்குகளின் நடுவில் வரும். அடுத்த நாள் டிக்குக்குச் சற்று முன்னால். இந்த ஒழுங்கின்மைதான் அளவீட்டைக் காப்பாற்றியது. எப்படிக் காப்பாற்றியது என்பதற்குச் சென்னை வரை போக வேண்டியதில்லை, வாழப்பாடியிலேயே விளக்கிவிடலாம்.

பேளூரிலிருந்து வாழப்பாடிக்குத் தினமும் நடந்து வருகிறவர் ஒருவர். கையில் கடிகாரம் கிடையாது, போனும் கிடையாது. ஊரில் மணிக்கு ஒருமுறை அடிக்கும் மணியோசை மட்டும் வழி நெடுகக் கேட்கும் என்று வைத்துக்கொள்வோம். நடக்கும் நேரம் உண்மையில் 1 மணி 20 நிமிடம். அதை இவர் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒழுக்கமான மனிதர் என்றால் என்ன செய்வார்? தினமும் காலை ஆறு மணி அடித்த கையோடு கிளம்புவார். வழியில் ஏழு மணி கேட்கும். 7.20க்கு வாழப்பாடி வந்துவிடும். கேட்ட மணி ஒன்று. அடுத்த நாளும் ஒன்று. ஒரு வருடம் நடந்தாலும் ஒன்றுதான். 365 நாளின் சராசரி எடுத்தால் மிகச் சரியாக ஒரு மணி நேரம் என்று விடை வரும். ஒரு நாள்கூட மாறாத, உறுதியான, தப்பான விடை.

நினைத்த நேரத்தில் கிளம்புகிறவராக இருந்தால் கதை மாறுகிறது. 6.10க்குக் கிளம்பினால் 7.30க்கு வருவார், கேட்பது ஒரு மணி. 6.50க்குக் கிளம்பினால் 8.10 ஆகும், ஏழும் எட்டும் கேட்கும், இரண்டு. கிளம்பும் நிமிடம் எந்த ஒழுங்கும் இல்லாமல் அறுபது நிமிடத்திலும் பரவியிருந்தால், மூன்று நாளில் இரண்டு நாள் ஒரு மணியும் ஒரு நாள் இரண்டு மணியும் கேட்கும். முப்பது நாளில் சுமார் நாற்பது மணியோசை. நாற்பதை முப்பதால் வகுத்தால் ஒன்றும் மூன்றில் ஒன்றும். அதாவது 80 நிமிடம். மணிக்கு ஒருமுறை அடிக்கும் மணியைக் கொண்டே நிமிடக் கணக்கைப் பிடித்துவிட்டார். முப்பது நாளில் கிடைக்கும் விடையில் ஐந்து நிமிடம் போல முன்பின் இருக்கலாம். நாள் கூடக்கூட அதுவும் சுருங்கும்.

இன்னொன்றையும் இந்த நடையிலேயே பார்த்துவிடலாம். ஆறு மணி அடித்தபின் காபி குடித்துவிட்டு, ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ தாமதித்துக் கிளம்புகிறார் என்றால்? 7.20க்கும் 7.30க்கும் நடுவில் வந்து சேர்வார். கேட்பது மறுபடியும் ஒரே மணிதான். கொஞ்சம் ஒழுங்கு குலைந்தால் போதாது. இரண்டு மணியோசைகளுக்கு இடைப்பட்ட நேரம் முழுவதற்கும் அது பரவ வேண்டும். தடுமாற்றத்துக்கும் ஓர் அளவு உண்டு. பொறியாளர்கள் இந்த அளவைத்தான் கணக்குப் போட்டு வைத்தார்கள்.

இனி மணியோசைக்குப் பதில் மின்துடிப்பு. எலெக்ட்ரானிக் கவுன்ட்டருக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு ஒரு கோடி முறை துடிக்கிறது என்று கொள்வோம். பத்து மெகாஹெர்ட்ஸ். இரண்டு துடிப்புகளுக்கு இடையே 100 நானோ நொடி; நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோ நொடி. தொடக்க சமிக்ஞை வந்ததும் கதவு திறக்கும், முடிவு சமிக்ஞை வந்ததும் மூடும். கதவு திறந்திருந்த நேரத்தில் உள்ளே நுழைந்த துடிப்புகளை எண்ணித் திரையில் காட்டுவதுதான் கருவியின் வேலை. அளக்க வேண்டிய இடைவெளி 340 நானோ நொடி என்றால் துடிப்பு மூன்று நுழையும், அல்லது நான்கு. மூன்றரைக்கு இடமே இல்லை.

மேசையில் வைத்த கவுன்ட்டரின் கடைசி இலக்கம் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே துடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும். கருவியில் கோளாறோ, கம்பி சரியாக மாட்டவில்லையோ என்று சந்தேகம் வரும். அசையாமல் நிற்கும் எண்ணைக் கண்டால்தான் மனசுக்கு நிம்மதி. ஆனால் அந்தத் துடிப்பில்தான் செய்தி இருக்கிறது. பத்தாயிரம் முறை அளந்ததில் ஏறத்தாழ நாலாயிரம் முறை நான்கும் ஆறாயிரம் முறை மூன்றும் வந்தால், சராசரி 3.4. இடைவெளி 340 நானோ நொடி. ஒவ்வோர் அளவீட்டிலும் 50 நானோ நொடி அளவுக்குப் பிழை. பத்தாயிரத்தின் வர்க்கமூலம் நூறு. ஆகவே சராசரியில் எஞ்சுவது அரை நானோ நொடிப் பிழை. நூறு நானோ நொடிக்குக் கீழே எதையும் பார்க்கத் தெரியாத கருவி, அரை நானோ நொடியைப் பார்த்துவிட்டது. அசையாமல் நின்ற மூன்றாக இருந்திருந்தால் 40 நானோ நொடி காணாமலே போயிருக்கும்.

ஆய்வகத்தில் நிஜமாகவே அப்படிக் காணாமல் போவதுண்டு. அளக்க வேண்டிய சமிக்ஞையைத் தரும் கருவிக்கும் கவுன்ட்டருக்கும் ஒரே படிகத்திலிருந்து துடிப்பை எடுத்துக் கொடுப்பது பலருடைய வழக்கம். இரண்டும் ஒரே தாளத்தில் ஓடினால் நல்லது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அப்போது சமிக்ஞை ஒவ்வொரு முறையும் கடிகாரத் துடிப்பின் அதே புள்ளியில் வந்து விழும். ஆறு மணி அடித்ததும் கிளம்பும் ஒழுக்கமான மனிதரின் கதை. பத்து லட்சம் முறை அளந்து சராசரி எடுத்தாலும் 300.000 என்றே காட்டும். தசமப் புள்ளிக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் அந்தச் சுழியங்களைப் பார்த்து மயங்காதவர் குறைவு. அளவீட்டுக் கலையில் இதைவிட ஆபத்தான எண் வேறில்லை.

ஒரே படிகமாக இல்லாமல், கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு படிகங்களாக இருந்தாலும் தொல்லை தீராது. பத்து மெகாஹெர்ட்ஸ் படிகங்கள் இரண்டுக்கும் இடையே நொடிக்குப் பத்தில் ஒரு துடிப்பு மட்டும் வித்தியாசம் என்றால், ஒன்று மற்றதைக் கடந்து ஒரு முழுத் துடிப்பு நகர்வதற்குப் பத்து நொடி ஆகும். ஒரு நொடி மட்டும் சராசரி எடுப்பவர் அந்த நகர்வில் பத்தில் ஒரு பங்கைத்தான் பார்த்திருப்பார். நல்ல படிகமாக வாங்க வாங்க நகர்வு மெதுவாகும், சராசரி இன்னும் மோசமாகும். காசு செலவழித்துக் கருவியைக் கெடுத்துக்கொள்வது போன்ற நிலைமை.

இதற்கு ஹியூலட் பக்கார்ட் நிறுவனத்தின் பொறியாளர்கள் கண்ட தீர்வில் துணிச்சல் இருந்தது. 1970களில் வெளிவந்த 5345ஏ என்ற அவர்களுடைய கவுன்ட்டரின் உள்துடிப்பு 500 மெகாஹெர்ட்ஸ். இரண்டு துடிப்புகளுக்கு இடையே 2 நானோ நொடி மட்டுமே. அக்காலத்துக்கு அது பெரிய வேகம். அவ்வளவு சிரமப்பட்டு ஒழுங்காக ஓடவைத்த துடிப்பை, சராசரி எடுக்கும் வேளையில் இரைச்சலைக் கொண்டு அவர்களே குலுக்கினார்கள். எலெக்ட்ரானிக் உறுப்புகளில் எப்போதும் இருக்கிற, எந்த ஒழுங்கும் இல்லாத மின் அதிர்வுதான் இரைச்சல். ரேடியோவில் நிலையம் கிடைக்காத இடத்தில் 'ஸ்ஸ்' என்று கேட்குமே, அதே சரக்கு. மற்ற எல்லா இடத்திலும் அதை ஒழிக்கப் பாடுபடுகிற பொறியாளர்கள் இங்கே அதைக் கூப்பிட்டு வேலைக்கு வைத்தார்கள். குலுக்கப்பட்ட துடிப்பு சற்று முன்னும் பின்னுமாக வரும். அதனால் ஒரே தாளத்தில் ஓடும் சமிக்ஞையும் துடிப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒருமுறையாவது போய் விழும்.

இதில் ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. அவர்கள் குலுக்கியது கடிகாரத்தை. அளக்க வேண்டிய இடைவெளியைத் தொடவில்லை. பேளூர்க்காரர் கிளம்பும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். வழியில் உட்கார்ந்து இளைப்பாறினால் நடை நேரமே மாறிவிடும் அல்லவா? இரைச்சல் எங்கே நுழைய வேண்டும், எங்கே நுழையக் கூடாது என்பதில்தான் வடிவமைப்பின் திறமை இருக்கிறது. கதவு மூடும் தறுவாயில் பாதி உள்ளே நுழைந்த துடிப்பை எண்ணுவதா விடுவதா என்பது இன்னொரு தலைவலி. அரைகுறைத் துடிப்புகளை ஒரு பக்கமாகவே எண்ணிவந்தால் சராசரி முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அதைத் தடுக்கக் கதவுக்கே தனியாக ஒரு காவல் சுற்று வேண்டியிருந்தது.

இரைச்சலைக் கலந்து நுட்பத்தைக் கூட்டும் எண்ணம் கவுன்ட்டருக்கு மட்டும் உரியதல்ல. லாரன்ஸ் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கர், பின்னாளில் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டை அமைத்தவர், 1962இல் வெளியிட்ட கட்டுரையில் படங்களுக்கு இதையே செய்தார். படத்தின் வெளிச்ச நிலைகளைச் சில படிகளாகக் குறைத்து அனுப்பினால், மெதுவாக மாறும் வானம் படிக்கட்டுப் படிக்கட்டாக உடைந்து தெரியும். அனுப்பும் இடத்தில் இரைச்சலைக் கூட்டி, பெறும் இடத்தில் அதே இரைச்சலைக் கழித்தார். படிக்கட்டுகள் மறைந்தன. ஒலிப்பதிவுக்காரர்களும் இதே முறையைக் கைக்கொண்டார்கள்.

இந்த வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளிலோ வேறு எந்த ஆலையிலோ பழைய முள் காட்டும் அழுத்தமானியைப் படிக்கிறவர், முதலில் விரலால் அதன் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டுவார். ஒட்டிக்கொண்டிருந்த முள் சற்று ஆடிச் சரியான இடத்தில் வந்து நிற்கும். யாரும் அவருக்குப் பாடம் நடத்தவில்லை. உராய்வு பிடித்து வைத்திருக்கும் முள்ளை விடுவிக்கக் கொஞ்சம் அதிர்வு வேண்டும் என்பது கைப்பழக்கத்தில் வந்த அறிவு. கவுன்ட்டரில் முள்ளுக்குப் பதில் முழு எண், உராய்வுக்குப் பதில் பின்னத்தை விட்டு முழு எண்ணாக்கும் முழுமையாக்கல், விரலுக்குப் பதில் இரைச்சல்.

இந்த முறையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாட வேண்டியதும் இல்லை. ஒருமுறை மட்டுமே நடக்கும் நிகழ்ச்சிக்கு இது உதவாது. இடைவெளி அதே அளவில் திரும்பத் திரும்ப வர வேண்டும். துல்லியம் பத்து மடங்கு கூட, அளவீடு நூறு மடங்கு கூட வேண்டும். வர்க்கமூலத்தின் கணக்கு இரக்கமில்லாதது. ஒரே முறையில் நுணுக்கமாக அளக்க வேறு வழிகள் உண்டு. வெர்னியர் அளவியின் தத்துவத்தையே மின்துடிப்பில் கையாண்டு, சற்று வேறுபட்ட வேகத்தில் ஓடும் இரண்டு துடிப்புகள் எங்கே ஒன்றுசேர்கின்றன என்று பார்ப்பது ஒன்று. 1978இல் வந்த ஹியூலட் பக்கார்டின் 5370ஏ கவுன்ட்டர் இந்த வழியில் ஒரே அளவீட்டில் 20 பிகோ நொடியைப் பிரித்துக் காட்டியது; நானோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிகோ நொடி. ஒளி அந்த நேரத்தில் கடக்கும் தூரம் ஆறு மில்லிமீட்டர். இன்று அத்தகைய சுற்றுகள் ஒற்றைச் சில்லுக்குள் அடங்கிவிட்டன.

ஆனாலும் பழைய பிரச்சினை புதிய இடங்களில் தலைகாட்டிக்கொண்டே இருக்கிறது. ஜிபிஎஸ் ரிசீவர்கள் நொடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பைத் தருகின்றன. ஊர் ஊருக்கு உள்ள நுட்பமான கடிகாரங்களை அதைக் கொண்டுதான் சரிசெய்கிறார்கள். ரிசீவருக்குள் இருக்கும் படிகத்தின் ஏதாவது ஒரு துடிப்போடு சேர்ந்துதான் அந்த நொடித் துடிப்பு வெளியே வர முடியும். எனவே சரியான கணத்துக்குச் சில பத்து நானோ நொடி முன்பின்னாக அது வரும். வரைபடமாகப் போட்டால் ரம்பத்தின் பல் போல ஏறி இறங்கும். சராசரியில் பிழை அடங்கிவிடும். ஆனால் சில வேளைகளில் படிகமும் செயற்கைக்கோள் நேரமும் தற்செயலாக ஒரே தாளத்துக்கு வந்துவிடும். அப்போது பிழை பல நொடிகளுக்கு ஒரே பக்கமாகத் தொங்கி நிற்கும். பொறியாளர்கள் அதைத் 'தொங்குபாலம்' என்பார்கள். அந்த நேரத்தில் சராசரி எடுப்பவர் ஏமாந்தார். ரிசீவரே தன் பிழை எவ்வளவு என்று ஓர் எண்ணாகச் சொல்லிவிடும் ஏற்பாடு அதனால்தான் வந்தது.

இந்தியாவின் நேரத்தைக் காத்துவருவது புதுடெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் முதல் இயக்குநர் விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். இத்தகைய நேர ஆய்வகம் எதுவானாலும், ஓர் அணுக்கடிகாரத்தை மற்றொன்றோடு ஒப்பிடுவது அதன் அன்றாட வேலை. அணுக்கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருக்கமாக ஓடுபவை. தற்செயலான நகர்வை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. எனவே கவுன்ட்டருக்கு எந்தக் கடிகாரத்தின் துடிப்பை ஊட்டுவது, எதைத் தொடக்கமாக வைப்பது என்பதை அங்கே யோசித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். இஸ்ரோ 2023 மே 29 அன்று ஏவிய என்விஎஸ்-01 வழிகாட்டிச் செயற்கைக்கோளில் உள்நாட்டில் செய்த ரூபிடியம் கடிகாரம் சென்றது. அத்தகைய கடிகாரத்தில் ஒரு நானோ நொடி பிசகினால் தரையில் 30 சென்டிமீட்டர் பிசகும். கடைசி இலக்கத்தின் நடுக்கம் வெறும் ஆய்வக விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

ஒருமுறை மட்டுமே நடக்கும் நிகழ்ச்சிக்குச் சராசரி உதவாது என்றதற்கும் ஒரு மாற்று உண்டு. அதைப் பார்க்க ஊட்டிக்கு வருவோம். அங்கே 2200 மீட்டர் உயரத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் கிரேப்ஸ்-3 என்ற சோதனை நடக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள ஏறத்தாழ 400 சிண்டிலேட்டர் உணர்விகள், துகள் பட்டால் மினுங்குபவை, எட்டு மீட்டர் இடைவெளியில் பரவிக் கிடக்கின்றன. விண்வெளியிலிருந்து வரும் ஒரு துகள் காற்றுமண்டலத்தில் மோதி, லட்சக்கணக்கான துகள்களாகச் சிதறி, மெல்லிய தட்டு போலத் தரையில் வந்து இறங்கும். நேர் மேலிருந்து வந்தால் எல்லா உணர்விகளையும் ஒரே நேரத்தில் தொடும். சாய்ந்து வந்தால் ஒரு பக்கத்து உணர்வி முதலில், மறுபக்கத்தது பிறகு. 30 டிகிரி சாய்வுக்குப் பக்கத்துப் பக்கத்து உணர்விகளுக்கு இடையே 13 நானோ நொடி வித்தியாசம் வரும். இந்தச் சின்னஞ்சிறு நேர வித்தியாசங்களிலிருந்துதான் துகள் வானத்தின் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கணக்கிடுகிறார்கள்.

இப்படி இறங்கும் துகள் பொழிவு ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் வரும். அதையே மறுபடி வரச்சொல்லிச் சராசரி எடுக்க முடியாது. ஆனால் ஒரே பொழிவு பல உணர்விகளைத் தொடுகிறது. விண்வெளித் துகளுக்கு ஊட்டியின் கடிகாரம் தெரியாது. பரங்கிமலைச் சிப்பாய்க்கு நுங்கம்பாக்கத்துக் கடிகாரம் தெரியாதது போலவே. ஆகவே ஒவ்வோர் உணர்வியின் நேரமும் துடிப்பின் வெவ்வேறு புள்ளியில் விழுகிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தளத்தைப் பொருத்தும்போது முழுமையாக்கலின் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. காலத்தில் செய்ய முடியாத சராசரியை இடத்தில் செய்துகொள்கிறார்கள். அந்தத் திசைக் கணக்கு சரியா என்பதை நிலாவைக் கொண்டு சோதித்தார்கள். காஸ்மிக் கதிர்களை நிலா மறைப்பதால் வானத்தில் அதன் திசையில் ஒரு நிழல் விழ வேண்டும். அரை டிகிரி அகலமே உள்ள நிலாவின் அந்த நிழல், ஊட்டியில் சேர்ந்த தரவில் தெரிந்தது.

இவ்வளவும் பெரிய ஆய்வகங்களின் சங்கதி. வாழப்பாடிப் பள்ளிகளால் செய்ய முடிந்தது என்ன என்ற கேள்விக்கும் இந்த உரை பதில் சொல்லியாக வேண்டும். கோல்டிங்காமின் சோதனையை இங்கே எந்த ஏரிக்கரையிலும் செய்யலாம். தேவை ஒரு சுவர்க்கடிகாரம், நொடிக்கு ஒருமுறை 'டிக்' என்று அடிக்கும் சாதாரண ரகம். போனின் வரைபடத்தில் 850 மீட்டர் தூரம் பார்த்து இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளலாம். இருட்டும் நேரத்தில் ஒரு முனையில் ஆசிரியர் ஒருவர் மேற்பார்வையில் வெடி வெடிக்க வேண்டும். மறுமுனையில் மாணவர்கள் வெளிச்சத்தைக் கண்டது முதல் ஓசை கேட்கும்வரை எத்தனை டிக் கேட்டது என்று எழுத வேண்டும். ஓசை வந்து சேர 2.4 நொடிக்குச் சற்று மேல் ஆகும். ஆகவே சில முறை இரண்டும் சில முறை மூன்றும் வரும். நூறு முறை எண்ணிச் சராசரி எடுத்தால் பிழை ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்கு இறங்கும். நொடிக்குக் கீழே எதுவும் தெரியாத கடிகாரத்தைக் கொண்டு ஓசையின் வேகத்தை நூற்றுக்கு இரண்டு பங்குப் பிழைக்குள் சொல்லிவிடலாம்.

ஒரு பள்ளி நூறு வெடி வெடிக்க முடியாவிட்டால் நான்கு பள்ளிகள் பங்கிட்டுக்கொள்ளட்டும். தீபாவளியை ஒட்டிய நாட்கள் இதற்கு வசதி. வெடி வைக்கிறவர் காதில் அந்தக் கடிகாரத்தின் ஓசை விழவே கூடாது. அவர் தன் இஷ்டத்துக்கு வெடிக்க வேண்டும். மாணவர் ஒருவர் இரண்டு என்றும், அடுத்த வெடிக்கு மூன்று என்றும் எழுதினால் தப்பாக எண்ணிவிட்டாய் என்று ஆசிரியர்கள் கடிந்துகொள்ள வேண்டாம். அழித்து எழுதச் சொல்லவும் வேண்டாம். இரண்டையும் கேட்டபடியே நோட்டில் பதிய விடுங்கள்.